இடிந்த பிள்ளைக் காம்பராவில் நான் செய்த ஜெபம்

என் பெயர் ரெபேக்கா. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் ஆண்டவர் என் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் என் மனசே என்னைக் குத்தும். சொல்கிறேன், கேளுங்கள். என் வெட்கத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை மறைத்தால் இது பாதிச் சாட்சிதான்.

போன வருடம் ஆனி மழை உங்களுக்கும் நினைவிருக்கும். ஒன்பது நாள் விடாமல் பெய்தது. பத்தாம் நாள் காலையில் எங்கள் பிள்ளைக் காம்பராவின் பின்பக்க மண்மேடு சரிந்து, சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற ஒரே இடம் அது. நல்ல வேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை. உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. அதற்காக அன்றே ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் திங்கட்கிழமை விடிந்தபோது பிள்ளைகளை எங்கே விடுவது?

தோட்டத்தில் கேட்டோம். "பாப்போம்" என்றார்கள். நாட்கள் போயின. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் போடுவார்கள் என்பதால் எந்தத் தாயும் வீட்டில் இருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் மூத்த பெண் பிள்ளை ஸ்கூலுக்குப் போகாமல் நின்றாள். என் வீட்டில் ஜெனிபர் நின்றாள். அவளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் தரம். நன்றாகப் படிப்பாள், கணக்கில் வகுப்பிலேயே முதல். அவள் தங்கை ஷாரோனுக்கு நாலு வயது. என் கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்.

"ரெண்டு வாரந்தான்டி. தோட்டத்துல சரி பண்ணிருவாங்க" என்று ஜெனிபரிடம் சொன்னவள் நான்தான். புத்தகப் பையைச் சுவரில் மாட்டினாள்.

இரண்டு வாரம் ஐந்து வாரம் ஆனது. ஷாரோனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தன. அடுத்த காம்பராவில் குடியிருக்கிற சிவகாமியின் மகள் துவாரகாவும் அதில் ஒருத்தி. இரண்டு வயது, குண்டுக் கன்னம். ஜெனிபரின் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். நான் மேல்மலையில் இருந்தேன். கீழே எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துப் பக்கமிருந்து ஒரு கூச்சல் கேட்டது. மலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், சும்மா கூப்பிடுகிற சத்தம் வேறு, அந்தச் சத்தம் வேறு. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். சிவகாமி எனக்கு முன்னால் ஓடினாள்.

துவாரகாவுக்குப் பால்மா கரைக்க ஜெனிபர் கேத்தலில் தண்ணீர் சுட வைத்திருக்கிறாள். இன்னொரு பிள்ளை இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து விழுந்து அழ, தூக்க ஓடியிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் துவாரகா கேத்தலை இழுத்துவிட்டது. கொதித்த தண்ணீர் முழுவதும் கையிலும் நெஞ்சிலும்.

அந்தப் பிள்ளையின் கதறலை இங்கே நான் சொல்ல மாட்டேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். உயிருக்கு ஆபத்து என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள், பிறகு மறுபடியும் காய்ச்சல் கூடியது என்றார்கள். மூன்று வாரம் சிவகாமி கண்டியிலேயே இருந்தாள். அந்த மூன்று வாரமும் என் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் முழங்காலிலேயே கிடந்தேன். பிள்ளை பிழைத்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் நான் சொல்ல வந்த நெருக்கடி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஜெனிபர் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். சாப்பாட்டை வைத்தால் இரண்டு வாய். ஷாரோனைத் தூக்கக்கூட மாட்டாள். தூக்கப் போனால் கை நடுங்கும், இறக்கி விட்டுவிடுவாள். குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள். "பச்சப்புள்ளய அவிச்சவ" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கும்.

சிவகாமி கண்டியிலிருந்து திரும்பியபோது பார்க்கப் போனேன். கதவு பாதிதான் திறந்தது. அவளுடைய மாமனார் மாரிமுத்து அண்ணன் குறுக்கே நின்றார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் அவர். "புள்ள தூங்குது" என்றார். கதவைச் சாத்திவிட்டார்.

அவரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பிறந்தது இந்துக் குடும்பத்தில். என் பழைய பெயர் ராக்கம்மா. கல்யாணத்துக்குப் பிறகு இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்தேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்த சூட்டில் எனக்கு வாய் நீளம். ஒரு திருவிழா சமயம் மாரிமுத்து அண்ணன் வீட்டுக்கு வந்து, "ராக்கு, இந்த வருசம் அன்னதானத்துக்கு நீயும் ஒரு கை வந்து ஒதவும்மா" என்று அன்பாகத்தான் கேட்டார். நான் இஸ்தோப்பில் நின்று லயமே கேட்கிற மாதிரிச் சொன்னேன், "என் பேரு ரெபேக்கா. அந்தக் கல்லுக்கு முன்னால நின்ன ராக்கம்மா செத்துட்டா." அந்த மனிதர் முகம் சுருங்கிப் போனது. அன்றிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அதை நான் அப்போது வைராக்கியம் என்று நினைத்தேன்.

ஐப்பசி முடிகிற சமயம் டவுனிலிருந்து ஒரு தரகர் அம்மா வந்தார். கொழும்பில் நல்ல வீடு, ஒரு கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வயது பதினாறு என்று சொன்னால் போதும் என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னே, மாதக்கணக்காகப் பேசாத என் மகள் பேசினாள்.

"நான் போறேன்மா."

"படிப்பு?"

"இந்த லயத்துல இருக்க முடியலம்மா. யாரும் என்னப் பாக்காத எடத்துக்குப் போறேன்."

கைக்குழந்தையைத் தூக்க நடுங்குகிற பிள்ளை, கைக்குழந்தை பார்க்கப் போகிறேன் என்கிறாள். கணவரிடம் போனில் சொன்னேன். "அங்க அவ அழுதுக்கிட்டே இருக்கறதுக்கு இங்க வரட்டும், நான் பக்கத்துலதான இருக்கேன்" என்றார். தரகர் அம்மா ஒரு திங்கட்கிழமை காலை வேனோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த நாட்களில்தான் ஜெனிபரின் வகுப்பாசிரியை ராஜேஸ்வரி டீச்சர் வந்தார். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். ஹட்டனில் உள்ள ஒரு நிறுவனம், பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் குடும்பங்களுக்கும் உதவியாக ஏதாவது செய்ய நினைக்கிற ஊர்க் குழுக்களுக்கு நிதி கொடுக்கிறதாம்.

"அக்கா, என் வகுப்புல மட்டும் ஆறு பொம்பளப் புள்ளைங்க வரல. எல்லாரும் தம்பி தங்கச்சியப் பாத்துக்கிட்டு வீட்ல நிக்கிறாங்க. நீங்க அம்மாமாருங்க ஒரு குழுவா சேந்து எழுதுங்க. புள்ளக் காம்பராவ மறுபடி தொறக்கலாம். ஜெனிபர் கொழும்புக்குப் போறதையும் நிப்பாட்டலாம்."

"எனக்கு எழுத வராதே டீச்சர்."

"ஜெனிபருக்கு வரும்."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஏதோ எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நாங்கள் எட்டுத் தாய்மார் ஒன்று சேர்ந்தோம். என் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல, ஜெனிபர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். பகலில் பிள்ளைகளைப் பார்க்க ஒரு இடம். பிள்ளை பார்க்கிற இரண்டு பெண்களுக்குப் பயிற்சி. பின்னேரத்தில் பெரிய பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க வகுப்பு. கொழும்பிலும் வெளிநாட்டிலும் ஆட்கள் இருக்கிற குடும்பங்களுக்கு மாதம் ஒரு கூட்டம். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இந்த உதவி உங்களுக்கு ஏன் தேவை? "அத நீயே எழுதிரு" என்றேன். அவள் அன்று முழுவதும் அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்ன எழுதினாள் என்று நான் படிக்கவில்லை. கிராம சேவகர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டோம்.

ஒன்றுதான் குறை. கட்டடத்தைப் பயன்படுத்தத் தோட்டத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். தோட்டத்தை நடத்துகிற தொரையின் ஆபீசுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை அவர் இல்லை. இரண்டாம் முறை காத்திருக்கச் சொன்னார்கள், ஆபீசைப் பூட்டும் வரை நின்றேன். மூன்றாம் முறை அவரே வெளியே வந்தார். நல்ல மனிதர்தான், கத்தவில்லை. "அந்தக் கட்டடம் பாதுகாப்பில்லம்மா. ஹெட் ஆபீஸ்ல கேக்காம நான் கடிதம் குடுக்க ஏலாது" என்றார். எப்போது கேட்பீர்கள் என்றேன். அவருக்கே தெரியவில்லை.

தரகர் வர வேண்டிய திங்களுக்கு முந்திய புதன்கிழமை ஹட்டனிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல், சிங்களம் கலந்த தமிழ். "அம்மா, உங்கட விண்ணப்பம் நாங்க பாத்தது. ஆனா எடத்துக்குக் கடிதம் இல்ல. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன்ன கடிதம் வந்தா கமிட்டிக்குப் போடலாம். இல்லாட்டி ஒதுக்கி வைக்க வேணும். சரியா அம்மா?"

சரி என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை மலையில் மத்தியானம் வரை நின்றேன். பிறகு முடியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்துக்குப் போகிற வழியில் இடிந்த பிள்ளைக் காம்பரா. தகரம் பாதி பறந்துபோய், பின்சுவர் இல்லாமல் கிடந்தது. உள்ளே போனேன். தொட்டில் கட்டுகிற கயிறுகள் கூரை வளையில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே சேற்றில் ஒற்றைக் கால் சின்னச் செருப்பு ஒன்று. அந்தச் சேற்றிலேயே முழங்கால் போட்டேன்.

சகோதரிகளே, அது நல்ல ஜெபம் இல்லை. நான் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஆண்டவரோடு சண்டை போட்டேன்.

"ஆண்டவரே, உமக்குக் காது இருக்கா இல்லியா? என் சொந்தத்த விட்டேன், சாமிய விட்டேன், பேர விட்டேன். ஒம்ம ஒருத்தரத்தான் புடிச்சேன். என் புள்ளய ஏன் இப்படி ஒடச்சீர்? அவ என்ன பாவம் பண்ணா? அவள நான்தான நிறுத்துனேன், எனக்கில்ல தண்டன வரணும்? திங்கக்கிழம அவ போயிட்டா நான் இனி ஒம்மக்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். குரல் போகும் வரை கத்தினேன். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியாது.

அப்போது மனதில் ஒன்று வந்தது. தரிசனம் என்று சொல்ல மாட்டேன், சத்தமும் கேட்கவில்லை. நீ எல்லாக் கதவையும் தட்டினாயா என்று யாரோ அமைதியாகக் கேட்டது போல இருந்தது. தட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. தட்டாத கதவு ஒன்று இருந்தது. எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அன்னதான மண்டபம் இருக்கிறது. சிமெந்துத் தரை, நல்ல கூரை, தண்ணீர்க் குழாய். திருவிழா நாட்கள் தவிர வருடம் முழுவதும் சும்மா பூட்டிக் கிடக்கிறது. சாவி மாரிமுத்து அண்ணனிடம்.

"வேணாம் ஆண்டவரே" என்றேன். நான் அவமானப்படுத்திய மனிதர். என் மகள் கையால் வெந்துபோன பிள்ளையின் தாத்தா. அந்த வாசலில் எந்த முகத்தோடு நிற்பேன்? வேறு ஏதாவது கதவைக் காட்டும் என்று கெஞ்சினேன். வேறு ஒன்றும் வரவில்லை.

சேற்றுப் பாவாடையோடேயே போனேன். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டால் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

கதவைத் திறந்தது மாரிமுத்து அண்ணன்தான். உள்ளே சிவகாமி துவாரகாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வலது கை முழுவதும் வெள்ளைத் துணி.

"என்னம்மா ரெபேக்கா?" என்றார். அந்தப் பெயரை அவர் அழுத்திச் சொன்னார். எனக்கு அது அடி மாதிரி இருந்தது.

"அண்ணே, மொதல்ல மன்னிப்புக் கேக்க வந்தேன். அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் ஒங்களப் பேசுனேன். தப்பு. வேற ஒண்ணு கேக்கவும் வந்தேன். மொதல்ல அத மன்னிச்சிருங்க."

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், தொரை, வெள்ளிக்கிழமை நாலு மணி, மண்டபம்.

"ஏன், ஒங்க சபையில எடமில்லியா?"

"சபை கீழ டவுன்ல வாடக மாடியில நடக்குதுண்ணே. கைப்புள்ளைங்கள அவ்வளவு தூரம் கொண்டு போக முடியாது."

"பத்து வருசமா எங்க கோயில் பக்கம் தல திருப்பாமப் போனீங்க. இப்ப எடம் வேணும்." அவர் குரல் உயர்ந்தது. "ஒங்க புள்ள கிட்ட வுட்டுத்தான் எங்க புள்ள இப்படிக் கெடக்கு. அதே ஆளுங்களுக்கு எடத்தையும் குடுக்கணுமா? போங்கம்மா. போயிருங்க."

நான் திரும்பிவிட்டேன். படியில் கால் வைத்தும்விட்டேன். பின்னால் தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"மாமா" என்றாள் சிவகாமி. "ஒண்ணு சொல்லணும்."

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க பேர் பதியப் பெரட்டுக்குப் போயிட்டீங்க. ஜெனிபர் ஸ்கூல் சட்டையோட நின்னா. கணக்குப் பரிச்ச இருக்கு, இன்னிக்கு மட்டும் போயிட்டு வந்திர்றேன், ஷாரோனயும் டீச்சர்கிட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா. நான்தான் அவ கையப் புடிச்சு நிறுத்துனேன். எனக்கு வேலைக்கு நேரமாச்சு. இன்னிக்கு மட்டும் இருடின்னு கெஞ்சி, சட்டய மாத்த வச்சுட்டுத்தான் போனேன். இவ்வளவு நாளா வாயத் தெறக்கல. எல்லாரும் அந்தப் புள்ளயத் திட்டுனாங்க. நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவ என்னக் காட்டிக் குடுக்கல மாமா. ஒரு வார்த்த சொல்லல."

துவாரகா இன்னும் சோறு வேண்டும் என்று தட்டைத் தட்டியது.

மாரிமுத்து அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்தார். கோயில் கமிட்டியின் கடிதத் தாளும் முத்திரையும் எடுத்தார். மை காய்ந்து போயிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தார்.

"எழுத்து எனக்கு வராது" என்றார். "சிவகாமி, நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன். ராக்கு, நீ ஒக்காரு. நின்னுக்கிட்டே இருக்கியே."

பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. உட்கார்ந்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே புறப்பட்டேன். கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். அன்றும் மழை. பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. மண்சரிவு, ரோட்டின் குறுக்கே மரம். ஒரு மணியாகியும் மரத்தை வெட்ட ஆள் வரவில்லை. எல்லோரும் பஸ்ஸிலேயே இருந்தார்கள். நான் இறங்கிச் சேற்றில் ஏறி, மரத்தின் மேலே தவழ்ந்து அந்தப் பக்கம் போனேன். அங்கே நடந்தேன். கால் செருப்பு அறுந்தது. ஒரு மரக்கறி லொறிக்காரர் ஏற்றிக்கொண்டார். ஹட்டனில் இறங்கி அந்த ஆபீஸ் வாசலுக்கு ஓடியபோது மணி நாலே முக்கால். கேட்டு பூட்டியிருந்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அழக்கூட வரவில்லை.

அப்போது உள்ளே ஜன்னலில் ஒருவர் எட்டிப் பார்த்தார். குடை இல்லாததால் மழை விடட்டும் என்று காத்திருந்தாராம். வந்து கேட்டைத் திறந்தார். நடுத்தர வயது சிங்களப் பெண், பெயர் நிலந்தி. போனில் பேசிய அதே குரல். என்னை வழியெல்லாம் மறித்த அந்த மழைதான் அவரையும் வீட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது. இதை யார் செய்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"நேரம் போயிருச்சு நோனா" என்றேன், சிங்கள அம்மாமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நான் இன்னும் பைல் மூடல்ல" என்றார். கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு விண்ணப்பத்தை எடுத்து அதன் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். "இது யார் எழுதினது அம்மா?"

"என் மக."

"நீங்க படிச்சதா?"

இல்லை என்றேன். அவர் மெதுவாக, எழுத்துக்கு எழுத்து தமிழில் வாசித்தார்.

"எனக்குப் பதினைந்து வயது. ஏழு பிள்ளைகளை நான் பார்த்தேன். ஒரு பிள்ளை அழுதால் தூக்குவேன். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரம் அழுதால் எனக்கு என்ன செய்வது என்று தெரியாது. ஒரு பிள்ளைக்குக் கொதித்த தண்ணீர் பட்டது. அது என் பிழை. அன்று எனக்குக் கணிதப் பரீட்சை இருந்தது. நான் இனி இங்கே இருக்கப் போவதில்லை. அதனால் இந்த உதவி எனக்கு இல்லை. என் தங்கை பெரியவளானதும் அவளிடம் பிள்ளைகளைக் கொடுக்காமல் இருப்பதற்காகக் கேட்கிறோம்."

எங்களோடு பேசாத என் பிள்ளை, யாரென்றே தெரியாத ஒரு ஆபீசுக்கு அவ்வளவையும் பேசியிருக்கிறாள்.

"திங்கக்கிழமை நான் வாறன்" என்றார் நிலந்தி நோனா. "எடமும் பாக்க வேணும். இந்தப் பிள்ளையையும் பாக்க வேணும்."

திங்கட்கிழமைதான் வேனும் வருகிற நாள்.

காலை எட்டரைக்கே தரகர் அம்மா வந்துவிட்டார். ஜெனிபர் பையோடு இஸ்தோப்பில் நின்றாள். ஹட்டனிலிருந்து ஆள் வருவார்கள், இன்று மட்டும் இரு என்று நான் கெஞ்சினேன்.

"கெடைக்காதும்மா. எதுக்கு ஒங்களுக்கு வீணா நம்பிக்க?"

அப்போது எனக்குள் ஒரு பலம் வந்தது. கையில் ஒன்றும் இல்லை, பதில் வரவில்லை, வருமென்று எந்த உறுதியும் இல்லை. ஆனாலும் தரகரிடம் சொன்னேன், "அவ வரல. நீங்க போங்க." அந்த அம்மா லயமே கேட்கும்படி ஏசினார். ஜெனிபர் பையை எறிந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வேன் போய்விட்டது.

பத்து மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. ஒருவரும் வரவில்லை. ஒரு மணிக்கு நான் ஜெபிக்கவும் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளைக்கு இருந்த ஒரு வழியையும் நானே அடைத்துவிட்டேனோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி தாண்டி ஒரு ஜீப் மேலே ஏறி வந்தது.

மண்டபத்தை மாரிமுத்து அண்ணன் காலையிலேயே கழுவி விட்டிருந்தார். எட்டுத் தாய்மாரும் வந்தார்கள். ராஜேஸ்வரி டீச்சரும் வந்தார். ஜெனிபரை நான் இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. கதவோரம் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். நிலந்தி நோனா அவளிடம் ஏதோ கேட்கப் போனார். அதற்குள் சிவகாமியின் இடுப்பிலிருந்து துவாரகா நழுவி இறங்கியது. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, தத்தித் தத்தி நடந்து, ஜெனிபரின் பாவாடையைப் பிடித்தது.

"அக்கா தூக்கு" என்றது.

ஜெனிபர் அசையவில்லை. அவள் கை நடுங்குவதை எல்லோரும் பார்த்தோம்.

"தூக்குடி" என்றாள் சிவகாமி. "ஒன்னையத் தேடிக்கிட்டே இருந்தா. தூக்கு."

தூக்கினாள். தூக்கிக்கொண்டு அந்தச் சிமெந்துத் தரையில் அப்படியே உட்கார்ந்து, மாதக்கணக்காக அழாத அழுகையெல்லாம் அழுதாள். குழாயடியில் அவளை ஏசிய பெண்ணும் அங்கே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நிலந்தி நோனா கையிலிருந்த தாளில் ஒன்றும் எழுதாமல் நின்றார்.

நிதி கிடைத்ததாகக் கடிதம் வந்தது மார்கழியில். ஆனால் என் ஜெபத்துக்குப் பதில் அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. அதை நான் அப்போதே அறிந்துகொண்டேன்.

இப்போது மண்டபத்தில் பகலெல்லாம் பிள்ளைகளின் சத்தம். அடுப்பைத் தனியாக வெளியே வைத்துக் கதவு போட்டிருக்கிறோம். பயிற்சி எடுத்த இரண்டு பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் ஒருத்தி சிவகாமி. பின்னேரம் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு. வீட்டில் நின்றுபோன பெண் பிள்ளைகளில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் ஸ்கூலுக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த ஒருத்தி அதற்குள் கொழும்புக்குப் போய்விட்டாள். அவளுக்காக இன்னும் ஜெபிக்கிறோம். ஜெனிபர் பதினோராம் தரத்தில் இருக்கிறாள். இன்னும் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டால் வெளியே போய்விடுவாள். துவாரகாவின் கையில் தோல் இழுத்துக்கொண்டிருக்கிறது, இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். அதற்காகவும் நீங்கள் ஜெபிக்க வேண்டும். எல்லாம் ஒரே நாளில் சுகமாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

மாறியது நான். என் ஆண்டவரை நான் விடவில்லை, இனி விடவும் மாட்டேன். ஆனால் அவர் யார் மூலமாக உதவ வேண்டும் என்று அவருக்கு நான் கட்டளை போட்டுக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டேன். திருவிழாவுக்கு அன்னதானச் சமையலில் இந்த வருடம் வெங்காயம் வெட்டிக் கொடுத்தேன். வெட்டி முடிந்ததும் மாரிமுத்து அண்ணன் பால் விடாத சாயத்தண்ணி ஒரு கோப்பை கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

இதைக் கேட்கிறவர்களில் யாராவது இன்று பதிலில்லாமல் முழங்காலில் இருக்கலாம். உங்களுக்கும் ஒரு ஜெனிபர் இருக்கலாம். நல்ல வார்த்தை வரவில்லையென்றால் கவலைப்படாதீர்கள். சண்டை போடுங்கள், கத்துங்கள், அவர் தாங்குவார். ஆனால் கத்தி முடித்த பிறகு கொஞ்சம் சும்மா இருங்கள். நீங்கள் போக விரும்பாத ஒரு வீட்டை அவர் காட்டினால், உடுப்புக்கூட மாற்றாமல் எழுந்து போங்கள். என்னை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார். உங்களையும் விடமாட்டார்.